பூலாங் என்ற சொல்லுக்கு நான் கண்ட அர்த்தம்

1

பேர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. நம் கடற்கரையில் பள்ளிவாசலும் தென்னந்தோப்பும் இல்லாத ஊர் எது? ஆகையால் இதைப் படித்துவிட்டு, "இது இன்னார் வீட்டு விஷயமல்லவா?" என்று யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்வது என்ன, கெஞ்சுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

ஜோகூர் ராஜ்யத்தில் குளுவாங் என்ற ரயிலடி ஊரில் எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கடையில், இறந்தவர் பேரில் ஓதிச் சோறு போடுகிற பாத்திஹா வைத்திருந்தேன். என் கூட்டாளி மீராசா மவுத்தாகி அது ஐந்தாம் வருஷம். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தால்ச்சாவும் ஆக்கி, பள்ளிவாசல் லெப்பை வந்து யாசீன் ஓதி, மீராசாவின் பேரைச் சொல்லி துஆச் செய்து முடித்தார். கடை ஆட்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் ரயில்வேயில் வேலை செய்யும் நாலைந்து பேரும் சகனுக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். சகன் என்றால் பெரிய தாம்பாளம். அதைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். கடைக்குள் வந்தவர் யாராயிருந்தாலும் சாப்பிடலாம். பாத்திஹாச் சோற்றுக்கு அழைப்பு ஏது?

நான் கறிச் சட்டியோடு ஒவ்வொரு சகனாகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது சகனில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்தவன். மடியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. தான் ஒரு கவளம், பிள்ளைக்கு ஒரு கவளம் என்று ஊட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவனிடம், "யாருக்குப் பாத்திஹா?" என்று கேட்டான்.

"மொதலாளியோட கூட்டாளிக்கு. கம்பத்துல துணி வித்தவராம். பாவம், சின்ன வயசுல காய்ச்சல்ல மவுத்தாப் போயிட்டாரு."

"பேரு?"

"மீராசான்னு ஓதுனாங்களே, கேக்கலயா?"

அந்த ஆள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "டேய் சுல்தானு! மீராசாவாம்ல, நம்ம ஊரா? எனக்குத் தெரியாம எந்த மீராசாடா?" என்றான்.

கறிச் சட்டி கீழே விழவில்லை. "இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா?" என்று கேட்டேன். திகில் பிடித்தால் மனிதன் பழக்கப்பட்ட பேச்சைத்தான் பேசுவான் போலிருக்கிறது. அவன் சரி என்றான். வைத்தேன். அதற்குப் பிறகுதான் குனிந்து அவன் காதோடு, "நீதான்டா" என்றேன்.

2

மீராசாவும் நானும் ஒரே பள்ளியில் ஓதியவர்கள். ஒரே நாளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். தளத்தில் பாயை விரித்து ஒரே போர்வைக்குள் படுத்து, வாந்தியெடுத்து, சிங்கப்பூருக்கு எதிரே இருக்கிற நோய்க்காவல் தீவில் மருந்துத் தண்ணீரில் குளிக்க வைக்கப்பட்டு, கரையேறிய நாளிலிருந்து எங்களுக்குள் ஒளிவு மறைவு இருந்ததில்லை. இருந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் கடையில் தட்டுக் கழுவ நின்று, தேத்தண்ணி கலக்கி, பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்த ஆரம்பித்தேன். அவனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. சைக்கிளில் கைலிகளையும் சீட்டித் துணிகளையும் கட்டிக்கொண்டு பத்துபகாட் பக்கத்து மலாய்க் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போவான். இரண்டு பெருநாளைக்கும் குளுவாங் வந்துவிடுவான். ஊரில் அவன் பெண்சாதி செய்தூன். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் குறை. மீராசா ஒவ்வொரு முறை கப்பலேறும்போதும், "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போனா என்ன?" என்று அவள் கேட்பாளாம். இவன் கேட்கமாட்டான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். ஆண்பிள்ளைக்கு உம்மா வீடு ஒன்று, பெண்சாதி வீடு ஒன்று. உம்மா மவுத்தாகிவிட்டால், அந்த வீடு ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ போய்விடும். பிறகு அவனுக்கு உலகத்தில் ஒரே வீடுதான். மீராசாவின் உம்மா எப்போதோ போய்விட்டாள். அவன் வீடு என்று சொன்னால் அது செய்தூன் வீடு.

3

இப்போது என் புத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். வெட்கமாய்த்தான் இருக்கிறது.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளைக்கு மீராசா வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் வரவில்லை. கம்பங்களில் காய்ச்சல் பரவிக்கிடந்த காலம். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு, லாரியில் பாதி தூரம், நடந்து மீதித் தூரம் என்று அவன் தங்குகிற கம்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவனுக்குத் தங்க இடம் கொடுத்திருந்த மலாய்க் கிழவர் வீட்டுக்குக் கீழே, அதைத் தாங்குகிற மரக்கால்களுக்கு நடுவில், மீராசாவின் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சக்கரத்தில் காற்றில்லை. சைக்கிளை விட்டு அவன் எங்கே போவான்?

கிழவர் தேங்காய் மட்டையை எரித்துக் கொசுவுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார். மீராசா எங்கே என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டியா சூடா பூலாங்" என்றார்.

'அவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான்' என்பது இதற்கு நேர் அர்த்தம். புதிதாய்க் கப்பலிறங்கியவனுக்குக்கூட இது விளங்கியிருக்கும். நானோ மலாய் தெரிந்தவன்! எங்கள் தெருப் பள்ளிவாசலில் மலாய்க்காரர்களோடு பழகியவன்! மவுத்துச் செய்தி சொல்லும்போது அவர்கள் 'மாத்தி' என்று அப்பட்டமாய்ச் சொல்லாமல், 'பூலாங் க ரஹ்மத்துல்லாஹ்', அதாவது அல்லாஹ்வின் அருளுக்குத் திரும்பிவிட்டான் என்று பதவிசாகச் சொல்வதை நான் அதற்கு முந்தைய மாதம்தான் கற்றுக்கொண்டிருந்தேன். கிழவர் கண்ணைத் துடைக்கிறார், சைக்கிள் கிடக்கிறது, ஊரெல்லாம் காய்ச்சல். எனக்கு வேறென்ன வேண்டும்? நம்மிலும் 'போயிட்டான்' என்று சொன்னால் எங்கே போயிட்டான் என்றா கேட்கிறோம்?

"மானா?" என்று கேட்டேன். எங்கே என்று. அவனை அடக்கிய கப்ரைக் கேட்டேன் நான். கிழவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், காட்டுக்கும் அப்பால் கையைக் காட்டி, ரொம்பத் தூரம் என்றார். மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. நான் கரையில் நின்று, அவர் கை காட்டிய திக்கைப் பார்த்துப் பாத்திஹா ஓதினேன். விக்கி விக்கி அழுதேன். கிழவர் என்னைத் தட்டிக்கொடுத்து, வாழைப்பழம் கொடுத்தார். கூட்டாளியைப் பார்க்காத ஏக்கத்தில் இப்படி அழுகிறானே, என்ன மனிதன் இவன் என்று நினைத்திருப்பார்.

திரும்பி வந்து சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். ஊருக்கு எழுதுவதானால் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும் என்று. மரணச் சீட்டுக்கு இங்கே 'சூராட் மாத்தி' என்று பேர். மாத்தி என்றால் சாவு. நம் காதுக்கு மாற்றி எழுதியது என்று விழும். இந்த ராஜ்யத்தில் மலாயை அரபு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும், அலிப் பே ஓதியவனாயிற்றே. கடகடவென்று வாசித்துவிடுவேன். அர்த்தம்தான் முக்கால்வாசி பிடிபடாது. குமாஸ்தா பெரிய பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பேரில் இந்த வருஷம் யாரும் சாகவில்லை என்று சொன்னார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "நீங்க எழுதாட்டி ஆளு செத்தது இல்லேன்னு ஆயிடுமா?" என்று தமிழும் மலாயுமாய்க் கலந்து சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தேன். சர்க்கார் ஆபீஸில் எனக்கு ஒருவர் சரியான தகவல் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அதை நான் நம்பவில்லை.

பிறகு ஊருக்கு எழுதினேன். காய்ச்சலில் போய்விட்டான் என்று மட்டும் எழுதியிருக்கலாம். பெண்பிள்ளை மனம் ஆறட்டும் என்று, வெள்ளிக்கிழமை உயிர் பிரிந்தது, கலிமா சொன்னான், பள்ளிவாசலை ஒட்டி நல்ல இடத்தில் அடக்கினோம் என்றெல்லாம் சேர்த்து எழுதினேன். ஊரில் மையித்து இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதினார்கள். செய்தூன் வெள்ளை உடுத்தி, நாலு மாதம் பத்து நாள் அறையை விட்டு வராமல் இத்தா இருந்தாள்.

இத்தா முடிந்ததும் அவளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள். வலமிருந்து இடமாய்ப் போகிற அந்த நாலு வரி எனக்கு இன்னும் மனப்பாடம் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்). "சுல்தான் காக்காவுக்கு ஸலாம். நீங்கள் அவங்க முகத்தைப் பார்த்தீர்களா? உங்கள் கையால் மண் போட்டீர்களா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறொன்றும் கேட்கமாட்டேன்."

பார்த்தேன் என்று எழுதினேன். போட்டேன் என்றும் எழுதினேன். மலாய் விளங்காமல் செய்தது தவறு. இது தவறல்ல, பொய். நாளை மறுமையில் என்னிடம் கேட்கப்படுவது இதுதான்.

4

சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்ததும் மீராசாவை மாடிக்கு அழைத்துப் போனேன். நல்ல வேளை, லெப்பை போன வருஷம் வந்தவர். மற்றவர்களும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள், அவனை முன்னே பார்த்தவர்கள் அல்ல. பிள்ளை தூங்கிவிட்டது. அதை என் பாயில் கிடத்தினான்.

முதலில் அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வெள்ளிக்கிழமை பாத்துல்ல மவுத்தாக்கி இருக்கே! கலிமாவேற சொல்ல வச்சிருக்கே. இவ்வளவு நல்ல மவுத்து எனக்கு எவன்டா குடுப்பான்?" என்றான். நானும் சிரித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று சொல்ல முடியாது. ஐந்து வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்டால் என்ன செய்வது? அவன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், சூடாய் இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி.

"அப்ப எங்கேதான்டா போயிருந்தே?"

"லாபிஸு."

லாபிஸ்! குளுவாங்கிலிருந்து ரயிலில் ஏறினால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் வந்துவிடும். ஐந்து வருஷமாய் நான் பாத்திஹா ஓதிக்கொண்டிருந்தவன் அங்கே ரப்பர் சீவிக்கொண்டு இருந்திருக்கிறான்.

கிழவரின் தங்கை மகள் தீமா. மீராசாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள். நிக்காஹ் முடித்தான். அவள் வீடு லாபிஸ் பக்கம் உள்ளே ஒரு கம்பத்தில், அங்கே போய்விட்டான். சைக்கிள் போகப் பாதை இல்லாத இடம், அதனால் அதைக் கிழவரிடமே விட்டிருக்கிறான். கிழவர் சொன்னது இதைத்தான். பெண்சாதி வீட்டுக்குப் போனால் அது வீடு திரும்பியதுதானே? எங்கள் ஊர் வழக்கப்படி பார்த்தாலும் அவர் பேசியதில் ஒரு பிசகும் இல்லை.

"எனக்கு ஒரு வரி எழுதுனா என்னடா?"

"ஒனக்கு எழுதுனா நீ ஏசுவே. ஊருக்கு எழுதுனா அவ அழுவா. இன்னிக்கி எழுதுவோம், நாளைக்கி எழுதுவோம்னு இருந்தேன். ஒரு வருசம் போயிட்டா அப்புறம் என்னத்தன்னு எழுதுறது? வெக்கம் கூடிக்கிட்டே போச்சுடா."

தீமா போன மழைக்காலத்தில் இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. மூத்தது இந்தப் பெண், நாலு வயது. ஆயிஷா என்று பேர் வைத்தான். கம்பத்தில் அது எசா ஆகிவிட்டது. ரப்பர் விலையும் விழுந்துவிட்டது, சீவி என்ன, சீவாமல் என்ன? பிள்ளைக்குக் கப்பல் காகிதம் வாங்க மூன்று நடை நடந்தானாம். குமாஸ்தா தகப்பன் ஜாதிக்குக் 'கிலிங்', அதாவது இந்தியாக்காரன், என்று எழுதினான், பிள்ளைக்கு 'மெலாயு' என்று எழுதினான், பிறகு நிமிர்ந்து, "இது உன் பிள்ளைதானா?" என்று கேட்டான். நான் போட்டதைப் போல இவனும் சத்தம் போட்டிருக்கிறான்.

நான் என் பாட்டைச் சொன்னேன். பல் நாலு போய்விட்டது. கடைக்கு மின்சார விளக்கு வந்துவிட்டது. ஊரில் என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, போன தடவை போனபோது மூன்றாம் நாளே அவன் உம்மாவிடம், "இவங்க எப்பப் போவாங்க?" என்று கேட்டதைச் சொன்னேன். மீராசா மறுபடி சிரித்தான். பிறகு, "என் மவளுக்குத் தமிழே தெரியாது. ஒரே ஒரு பேச்சுச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றான்.

பிள்ளை அதற்குள் விழித்துக்கொண்டது. அவன் மலாயில் ஏதோ சொன்னான். அது எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மதரஸாவில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, "உம்மா, நான் வந்துத்தேன்" என்றது.

"செய்தூனைப் பாத்ததும் சொல்லணும்னு பழக்கியிருக்கேன். ஏசுவா. நல்லா ஏசுவா. ஏசட்டும்! தமிழ்ல ஒருத்தி என்னைய ஏசி ஏழு வருசமாச்சுடா. கதவுக்குப் பின்னால நின்னுகிட்டு, 'வந்தாச்சா தொரை, வழி தெரிஞ்சிச்சா?'ன்னு கேப்பா பாரு, அந்த ஒரு கொரலுக்காகத்தான்டா உசுர வச்சிக்கிட்டு இருக்கேன். பிள்ளையப் பாத்தா அவ மனசு எளகிரும். அவளுக்குப் பிள்ளைன்னா உசுரு."

சட்டைப் பையிலிருந்து காகிதங்களை எடுத்து என் முன்னால் விரித்தான். சிங்கப்பூருக்கு ரயில் சீட்டு. அங்கிருந்து கப்பல், இன்னும் ஐந்து நாளில்.

5

அவன் ஊரைப் பற்றி ஒவ்வொன்றாய்க் கேட்டான். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். புயலில் பள்ளிவாசல் மினாரா சாய்ந்தது, பிறகு கட்டியது, எங்கள் உஸ்தாது கண் தெரியாமல் போனது. ஒன்றை மட்டும் விட்டு மற்றதெல்லாம் சொன்னேன். அவன் தம்பி இஸ்மாயிலைப் பற்றிக் கேட்டபோது, "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரக் கீழே இறங்கிப் போனேன். தேத்தண்ணியை நானே ஆற்றினேன். எவ்வளவு நேரம் ஆற்றமுடியும்?

திரும்பி வந்தபோது அவன் தானாகவே அந்த இடத்துக்கு வந்திருந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"ஊருக்கு எழுதிட்டேல்ல? அப்ப அவ இத்தா இருந்திருப்பாளே."

"இருந்தா."

"பாவி நான். சரி, போய் நின்னுட்டா எல்லாம் தீந்துரும். மயங்கி விழுவா, அப்புறம் எந்திரிச்சு ஏசுவா."

"மீராசா, ஒக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.

சொன்னேன். செய்தூனின் வாப்பாவும் மவுத்தாகி, வீட்டில் ஆண்துணை இல்லாமல் போனதைச் சொன்னேன். எல்லாருமாய்க் கூடி, வெளியாள் எதற்கு, இஸ்மாயிலே நிக்காஹ் முடிக்கட்டும் என்று பேசியதைச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். ஒரு வருஷமில்லை, மூன்று வருஷம் மாட்டேன் என்றாள். பிறகு சரி என்றுவிட்டாள்.

"மூணு வருசமா?" என்றான்.

"மூணு வருசம்."

அந்த மூன்று வருஷத்தில் எப்போதாவது ஒரு நாள் அவன் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்தது. விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தான். அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். என்னை அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அடிக்கவில்லை.

"தம்பி அவளை நல்லா வச்சிருக்கானா?"

"நல்லா வச்சிருக்கான்." பிறகு, இதையும் சொல்லிவிடவேண்டும் என்று சொன்னேன். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அவளுக்கு ஆம்புளப் பிள்ளை பொறந்திருக்கு."

மீராசா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். சத்தமாய்ச் சொன்னான். அப்புறம்தான் அழுதான். சின்னவனாய் இருந்தபோது உஸ்தாதிடம் அடி வாங்கினால் அழுவானே, அதே அழுகை, வாயைத் திறந்துகொண்டு. பிள்ளை பயந்துபோய், தகப்பனை மலாயில் கூப்பிட்டபடி, "பாப்பா, பாப்பா" என்று அவன் முகத்தைத் துடைத்தது.

நான் உணர்ச்சிவசப்பட்டு, "நான் எழுதுறேன்டா. நாந்தான் பொய் சொன்னேன்னு பூராவும் எழுதுறேன். ஊரு கூடி என்னையக் காறித் துப்பட்டும். நீ உசுரோட இருக்கே, ஒன் வீடுடா அது" என்று கத்தினேன்.

அவன் மூக்கைச் சிந்திவிட்டு, "மொதல்ல லெப்பைக்கிட்டக் கேட்டுட்டு வா. பேரு சொல்லாமக் கேளு" என்றான்.

6

பள்ளிவாசலில் லெப்பை தனியாகத்தான் இருந்தார். "ஒரு ஊர்ல ஒருத்தர்" என்று ஆரம்பித்து விஷயத்தைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். மார்க்கக் கித்தாபைப் புரட்டினார்.

"மொதல் புருஷன் உசுரோட வந்து நின்னுட்டா ரெண்டாவது நிக்காஹ் நிக்காது. பிரிச்சு வைக்கணும். பிள்ளைக்கு ஒரு குத்தமும் வராது, தெரியாம நடந்ததாச்சே" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "அந்த ஒருத்தர் எங்கே இருக்காரு?" என்று கேட்டார்.

"அது பழைய கதை, லெப்பை. சும்மா கேட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளிவாசலுக்கும் என் கடைக்கும் நடுவே இருக்கிற அந்த இரண்டு தெருவும் எனக்கு எப்போதும் அவ்வளவு நீளமாய் இருந்ததில்லை. பிரித்து வைக்கவேண்டும்! இரண்டு மாதப் பிள்ளைக்காரியை, கூடத்தில் உட்காரவைத்து, நாலு பெரியவர்கள் கூடி. இஸ்மாயில் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போவான்? மார்க்கம் படித்தவர்கள் இதைப் படித்தால், தெரிந்தும் மறைத்தது பெரிய பாவம் என்பார்கள். இருக்கலாம். அவர்களோடு வாதாட எனக்கு வாய் இல்லை. நான் செய்த பாவத்துக்கு எந்தப் பக்கம் போனாலும் ஆள்தான் காவு.

மாடிக்கு வந்து சொன்னேன். மீராசா பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான்.

"அவ பிள்ளைக்காக எவ்வளவு அழுதிருக்கான்னு ஒனக்குத் தெரியாதுடா. நாகூருக்கு எத்தனை நேர்ச்சை! நான் மவுத்தானதுலதான் அவளுக்குப் பிள்ளை கெடைச்சிருக்கு. இப்ப நான் உசுரோட போயி நின்னா என்னத்தக் குடுக்கப் போறேன்?" என்றான். "நீ எழுதாதே. சத்தியம் பண்ணு."

"ஒனக்கு அந்தக் கொரலக் கேக்க வேணாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"வேணும்டா" என்றான். "வேணும்." பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினான்.

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். ஊருக்கு எழுதமாட்டேன் என்றுதான் சத்தியம். பேர் மாற்றி இப்படி எழுதுவது அந்தச் சத்தியத்துக்குள் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. நெஞ்சில் வைத்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. செய்தூன் எனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும், "அவங்க கப்ரை எப்பவாவது போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் காக்கா" என்று ஒரு வரி எழுதுகிறாள். இனி அதற்கு என்ன பதில் எழுதுவேன்? போய்ப் பார்க்கிறேன் என்றுதான் எழுதவேண்டும். அதாவது லாபிஸுக்கு. அது ஒன்றாவது இனிப் பொய்யாக இருக்காது.

அன்று சாயங்கால வண்டிக்கே கிளம்புகிறேன் என்றான். இருந்துவிட்டுப் போ என்றேன், கேட்கவில்லை. ஸ்டேஷனில் தெற்கே போகிற வண்டியும் வடக்கே போகிற வண்டியும் கொஞ்ச நேர இடைவெளியில் வரும். முதலில் சிங்கப்பூர் வண்டி வந்தது. அவன் கையில் அதற்குச் சீட்டு இருந்தது. பிள்ளைக்கும் பழக்கியிருப்பான் போலிருக்கிறது. வண்டியைக் கண்டதும் அது துள்ளி எழுந்து அவன் கையைப் பிடித்து இழுத்தது. அவன் மலாயில் சமாதானம் சொன்னான். வண்டி போயிற்று. அப்புறம் வடக்கு வண்டி வந்தது. நான் எடுத்துக் கொடுத்த சீட்டோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான்.

கொடி காட்டிவிட்டார்கள். அப்போதுதான் ஏதோ நினைத்துக்கொண்டவன் போலத் தலையை வெளியே நீட்டி, "பிள்ளைக்கு என்னடா பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டான்.

இதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பகலிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது. கூடவே நடந்துகொண்டு, "இஸ்மாயில்தான் வச்சிருக்கான். மவுத்தாப்போன காக்கா பேரு வெளங்கணும்னு. ஒன் பேருதான்டா" என்றேன்.

மீராசா என் கையை விடாமல் கொஞ்ச தூரம் வைத்திருந்தான். பிறகு விட்டான்.

"அப்ப சரி" என்றான். "ஊருக்கு ஒரு மீராசா போதும்டா."